குன்னூர் வீடு: வெள்ளி வரும் இருவருக்கான ஏற்பாடு

அனைவருக்கும் வணக்கம். கோவை மத்திய சிறையிலிருந்து வெள்ளி மாலை இருவர் நம் குன்னூர் வீட்டில் தங்க வருகிறார்கள். ஒருவர் தண்டனை முடித்து, ஒருவர் ஜாமீனில்.

1. ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒரு ஸ்வெட்டர். வியாழன் மாலை 5 மணிக்குள்.
2. அறைக்குள் கரியடுப்பு கூடவே கூடாது. கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.
3. விடுதலைச் சான்று, ஜாமீன் உத்தரவு நகல், ஆதார், மருந்துச் சீட்டு எல்லாம் சிறை வாசலிலேயே சரிபாருங்கள். விட்டால் மறுபடி மலையிறங்கணும்.
4. ஜாமீன்காரருக்கு தினமும் காலை 10 மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. தோட்ட வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். மேஸ்திரியிடம் இப்போதே பேசாவிட்டால் கூலி போகும், இல்லை ஜாமீனே போகும்.
5. என்ன வழக்கு என்று கேட்காதீர்கள். பெயர், படம் குழுவில் வேண்டாம்.

வண்டி யார் எடுக்கிறீர்கள்? மேஸ்திரியிடம் யார் பேசுகிறீர்கள்? புதன் இரவுக்குள் பதில் போடுங்கள்.