டக்ட்டில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டரை ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுங்கள்: தீயணைப்புத் துறைக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஏசி பராமரிப்புத் தொழிலாளர்கள் சார்பில் மனுதாரர்,
பெருங்குடி, சென்னை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: சென்ட்ரல் ஏசி உள்ள கட்டடங்களில், காற்று செல்லும் டக்ட்டில் பொருத்தப்பட்டுள்ள ஸ்மோக் டிடெக்டர்களை, தீயணைப்புச் சான்று புதுப்பிக்கும்போது இயக்கிச் சோதிக்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அலுவலகக் கட்டடங்களில் ஏசி பராமரிப்பு வேலை பார்க்கும் டெக்னீஷியன் நான். உடன் வேலை பார்க்கும் சிலரும் இம்மனுவில் கையெழுத்திட்டுள்ளனர். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறி வேலை செய்கிறவர்கள் என்பதால், கீழே நின்று பார்ப்பவர்கள் கண்ணில் படாத ஒன்று எங்கள் கண்ணில் படுகிறது. அதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மனு.

தாங்கள் அறிந்ததுதான், ஆனாலும் விஷயம் இங்கிருந்து தொடங்குவதால் சொல்லிவிடுகிறோம். ஒரு தளத்துக்கான ஏஹெச்யு (காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் இயந்திரம்) அந்தத் தளம் முழுவதிலிருந்தும் காற்றை இழுத்து, குளிரவைத்து, மறுபடி எல்லா அறைக்கும் தள்ளுகிறது. ஒரு மூலையில் யுபிஎஸ் அறையில் ஒயர் கருகினால், ஏஹெச்யு ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தப் புகையை மறுமூலையில் உட்கார்ந்திருப்பவரிடம் கொண்டுசேர்ப்பது எங்கள் ஏசிதான். நெருப்பு சுவரில் நின்றுவிடும், புகை டக்ட்டில் போய்விடும்.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் இதுதான் நடந்தது. தீ பிடித்தது அடித்தளத்தில், அதிகாலையில். மேல்தளங்களில் படுத்திருந்த நோயாளிகளை நெருப்பு தொடவே இல்லை. ஏசி டக்ட் வழியாகவும் மற்றத் திறப்புகள் வழியாகவும் ஏறிய புகையில் மூச்சுத் திணறி ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். 1980 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் தீயில் 85 பேர் இறந்ததும் பெரும்பாலும் புகையால்தான். தீ தரைத்தளத்தில், சாவு பல மாடிகளுக்கு மேலே.

இதைத் தடுக்கத்தான் டக்ட் டிடெக்டர். டக்ட்டுக்கு வெளியே ஒரு பெட்டி; அதிலிருந்து ஓட்டைகள் போட்ட ஒரு குழாய், காற்று வரும் திசையைப் பார்த்தபடி டக்ட்டுக்குள் நீண்டிருக்கும். அதன் வழியே காற்று பெட்டிக்குள் வந்து, இன்னொரு குழாய் வழியே டக்ட்டுக்கே திரும்பும். அந்தக் காற்றில் புகை இருந்தால் ஏஹெச்யு டிரிப் ஆக வேண்டும், அதாவது தானாக நிற்க வேண்டும்; டக்ட்டை அடைக்கும் தகடான ஃபயர் டம்பர் மூட வேண்டும், கண்ட்ரோல் ரூம் பேனலில் விளக்கு எரிய வேண்டும். எச்சரிக்கை வந்ததும் காற்றோட்டம் நிற்கவும் டம்பர் மூடவும் ஏற்பாடு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. புதிதாக விதி எதுவும் கேட்கவில்லை, ஐயா.

பல இடங்களில் நாங்கள் பார்ப்பது வேறு. பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே இலவம்பஞ்சு அடைத்தது மாதிரி தூசு. குழாய் ஓட்டைகள் அடைத்துக் கிடக்கும், அல்லது காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியிருக்கும். குழாயின் கடைசி முனையில் இருக்க வேண்டிய ரப்பர் மூடி இருக்காது. அது இல்லாவிட்டால் பெட்டிக்குள் வரவேண்டிய காற்று வராது. சில இடங்களில் டக்ட் வளைகிற இடத்திலேயே, காற்று சுழல்கிற இடத்தில் மாட்டியிருப்பார்கள், ஏணி வைக்க அதுதான் வசதி என்பதற்காக. புதிதாக வாடகைக்கு வந்த கம்பெனி இன்டீரியர் வேலை செய்யும்போது ஜிப்சம் தூசு முழுவதும் இதற்குள்தான் போகிறது. வேலை முடிந்ததும் ஃபில்டரை மாற்றுவார்கள், டிடெக்டரை யாரும் தொடமாட்டார்கள். தொட வேண்டுமென்றாலும் சீலிங்கில் திறந்து பார்க்க வழி வைத்திருக்க மாட்டார்கள்.

இதைவிட மோசம் பைபாஸ். நாங்கள் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் ஆயுதபூஜைக்கு சாம்பிராணி போட்டபோது ஏஹெச்யு டிரிப் ஆனது. டிடெக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்று சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஏசி நின்றுவிட்டது என்று புகார் போக, அடுத்த முறை நாங்கள் பேனலைத் திறந்தபோது டிரிப் லைனில் ஒரு துண்டு ஒயரால் ஜம்பர் போட்டிருந்தது, டிடெக்டர் புகையைக் கண்டாலும் ஏஹெச்யு நிற்காதபடி. பேனலில் எல்லாம் பச்சை விளக்குதான். இப்படி ஓர் ஒயர் கிடக்கிறதென்று வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்?

அவரைக் குறை சொல்ல முடியாது. ஹைட்ரன்ட், ஸ்பிரிங்ளர், தீயணைப்பான் சிலிண்டர் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன, அவற்றைப் பார்த்துவிடுகிறார். டக்ட் டிடெக்டருக்கு மட்டும் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் டிக் அடையாளத்தை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த டிக் எப்படிப் போடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பல மாடல்களில் பெட்டியின் மேல் ஒரு காந்தத்தை வைத்தால் அலாரம் வரும். சர்க்யூட் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. புகை உள்ளே வருகிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். சென்ட்ரல் ஏசி உள்ள கட்டடங்களுக்குச் சான்று புதுப்பிக்கும்போது, தங்கள் ஆய்வாளர் முன்னிலையில், ஏஹெச்யு ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைப் புகையை டக்ட்டுக்குள் செலுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். மின்விசிறி நிற்கிறதா, டம்பர் முழுதாக மூடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. எல்லா ஏஹெச்யுவையும் பார்க்க நேரம் இருக்காது, சரி. ஒன்றிரண்டு போதும். ஆனால் எதைப் பார்ப்பது என்று நிர்வாகம் சொல்லக் கூடாது, ஆய்வாளர்தான் கைகாட்ட வேண்டும். இந்த ஒன்று இருந்தாலே மற்றவற்றையும் அவர்களே சுத்தம் செய்துவிடுவார்கள்.

இதோடு, ஒவ்வொரு டக்ட் டிடெக்டருக்கும் கீழே சீலிங்கில் திறப்பு வைக்கவும், கீழிருந்து தெரிகிற மாதிரி அடையாளம் ஒட்டவும் உத்தரவிட வேண்டும். பராமரிப்புக்காகப் பைபாஸ் செய்ய நேர்ந்தால் யார் செய்தது, எப்போது எடுத்தது என்று பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். இன்டீரியர் வேலை முடிந்த தளத்தில் மறுசோதனை செய்யாமல் ஆட்களை உட்காரவைக்கக் கூடாது.

இன்னொன்று: டக்ட்டில் டிடெக்டர் இருக்கிறது என்று காட்டி, அறைக்குள் இருக்க வேண்டியதைக் குறைக்கிறவர்களும் உண்டு. இரவில் ஏசியை அணைத்த பிறகு டக்ட்டில் காற்றே ஓடாது. அப்போது அந்த டிடெக்டருக்கு எதுவும் தெரியாது. ஒன்றுக்கு மற்றது மாற்று ஆகாது என்பதைத் தங்கள் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொன்னால் நல்லது.

எல்லாக் கட்டடங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாவிட்டால் மருத்துவமனைகளில் தொடங்குங்கள். ஐசியுவில் இருப்பவர் எழுந்து ஓட முடியாது. சோதனை நேரத்தில் ஏசி நிற்குமே என்று நிர்வாகங்கள் தயங்கும். ஓர் ஏஹெச்யுவுக்கு அது சில நிமிட வேலைதான். அலுவலகமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையைத் தங்கள் ஆய்வாளர்களுக்குச் செய்து காட்ட நாங்கள் தயாராக இருக்கிறோம். இடமும் தேதியும் சொன்னால் வந்துவிடுவோம், கூலி வேண்டாம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரரும் உடன் கையெழுத்திட்டோரும்