கைப்பைக்குள் ஒட்டிய பொட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஆசியர்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் ஏதோ சீனர்களின் பிரச்சினை என்பது போலவே நம் பத்திரிகைகள் எழுதுகின்றன, இங்கே நம் ஆட்கள் பேசுவதும் அப்படித்தான். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு அதைக் கேட்கவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1987-ல் ஜெர்சி சிட்டியில் ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று ஒரு கும்பல் கிளம்பியது. ‘டாட்’ என்றால் நாம் நெற்றியில் வைக்கும் பொட்டுதான். இந்தியர்களை ஊரைவிட்டே விரட்டப்போவதாக அவர்கள் மிரட்டியது எங்கே தெரியுமா? உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய ஒரு வாசகர் கடிதத்தில். அதே வருடம் பக்கத்து ஊரான ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்பவரை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அவர் பார்சி, ஆண், பொட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. என் பெரியம்மா அப்போது அங்கேதான் குடியிருந்தார். ரயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கைப்பையின் உள்பக்கத் துணியில் ஒட்டிக்கொள்வாராம், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அதையே எடுத்து மறுபடி வைத்துக்கொள்வாராம். பசை போய்விடும், ஆனாலும் வைப்பேன் என்பார்.

கொரோனா காலத்தில் அந்தப் பயம் திரும்பியபோது தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பெற்றோருக்குப் பிறந்த ஓவியர் அமண்டா பிங்போதிபாக்கியா, நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்தோடு சேர்ந்து பெரிய பெரிய சுவரொட்டிகளை வரைந்தார். 2020 நவம்பரில் அவை புரூக்ளினில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் வைக்கப்பட்டன. பளீரென்ற நிறங்களில் ஆசிய முகங்கள், சுற்றிலும் பூக்கள், ‘இது எங்கள் வீடும்தான்’, ‘உனக்கு நோய் தந்தது நான் இல்லை’ என்ற வரிகள். எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் இடம் பிடித்த விதம். காசு கொடுத்து உள்ளே போகும் கலைக்கூடமாக இல்லாமல், எந்த ரயிலில் நம்மைப் பார்த்து முகம் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார்களோ அந்த ரயிலுக்குக் காத்திருக்கும் இடம். அடுத்த மார்ச்சில் அட்லாண்டாவில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் 6 பேர் ஆசியப் பெண்கள். சுவரொட்டி துப்பாக்கியைத் தடுக்காது, சரி. ஆனால் அவை அங்கே இருந்த நாட்களில் பயந்துகொண்டே ரயிலேறிய ஒரு பெண்ணுக்கு அந்த முகங்கள் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

அதனால் இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்குப் பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, நமக்கு நாமே கோலப்போட்டி நடத்தியது போதும். கோலம் வாசலில் போடுவதுதானே? மே மாதம் இங்கே ஆசிய அமெரிக்கர்களின் பாரம்பரிய மாதம், வெயிலும் வந்துவிடும், நகராட்சியில் அனுமதி வாங்கி ரயில் நிலைய வாசலில் போடுவோம். புள்ளி வைக்கத் தெரியாத சீன, கொரியப் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். எங்கள் ஊரில் அனுமதிக்கு நானே அலைகிறேன். பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி