கரையோரம் நடந்து வந்த ஆத்தாவுக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை பவானி ஆற்றங்கரையில் எங்களுக்காகக் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் படகு கவிழ்ந்து நான் ஆற்றில் விழுந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். பார்க்காதவர்களுக்கும் அன்று பொழுது சாய்வதற்குள் செய்தி எட்டியிருக்கும். அதை மறுபடி எழுத்தில் கொண்டுவர இப்போது எனக்குத் தெம்பு இல்லை. நான்கு நாள் ஆகிறது. இன்னமும் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. ஆனால் நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டில் நலமாக இருக்கிறோம். என் கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், எலும்பு முறியவில்லை. உங்களில் பலர் ஆள் மூலம் கேட்டு அனுப்பியது இதைத்தான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாதி விரித்த வலையை ஆற்றோடு விட்டுவிட்டுப் பரிசலைத் திருப்பிய அண்ணன் தம்பி இருவருக்கும், மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மடையைக்கூட அடைக்காமல் மண்வெட்டியோடு ஓடி வந்ததற்கும், கரும்பு வெட்ட வந்திருந்த பெண்கள் எங்களைச் சுற்றி மறைப்பாக நின்று ஈரத்துணி மாற்ற உதவியதற்கும், கவிழ்ந்த படகைக் கயிறு போட்டு இழுத்துத் தந்த இளைஞர்களுக்கும், துறையில் தூக்கு நிறையச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவருக்கும், 108 வண்டியில் வந்த இருவருக்கும் என் நன்றி. அந்த வலை கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கிடைக்கவில்லை என்றால் அது எங்கள் கணக்கு. மறுக்காமல் சொல்லி அனுப்புங்கள்.

இதற்குமேல் எழுதப்போவது ஒருவருக்காக. ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுதக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஆத்தா என்றே எழுதுகிறேன். ஆடு மேய்க்கிற ஆத்தா என்றால் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு நாற்பத்தாறு வயது. நான் பிறந்தபோது ஜாதகம் கணித்தவர், இந்தப் பிள்ளைக்கு நீரில் கண்டம் என்று எழுதிக் கொடுத்தார். என் அம்மா அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே என்னை வளர்த்தார். அண்ணன்மார் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகியபோது, நான் தொட்டிக்கு அருகே உட்கார்ந்து அவர்கள் சட்டைகளைக் காவல் காத்தேன். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறை போனால் ஊரெல்லாம் காவிரியும் பவானியும் கலக்கிற இடத்தில் முங்கி எழும். அம்மா மட்டும் மேல்படியில் என்னை நிறுத்திச் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயத்தை அன்பாகக் கொடுத்தார். அன்பு என்றே வாங்கிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் பவானித் தண்ணீரில் வளர்ந்தவள். அப்பாவின் வயல் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். 1125ஆம் ஆண்டு கட்டியதாகச் சொல்லப்படும் கொடிவேரி அணையிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் அது. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாக மறுபடி நம்மிடமே திரும்பி வருகிற ஆற்றின் தண்ணீர்தான் எங்கள் வீட்டுச் சோறாக வந்தது. அதைத் தின்றே வளர்ந்தவள், நாற்பத்தாறு வயதுவரை அந்த ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

கல்லூரித் தோழிகள் கேனோ படகு வாங்கியிருக்கிறோம், வா என்று அழைத்தபோது இரண்டு மாதம் சாக்குச் சொன்னேன். பிறகு ஒருநாள் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எனக்கே விளங்கவில்லை. என் மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அது ஒரு காரணமாக இருக்கலாம். தோழிகள் எதையும் அவசரப்படுத்தவில்லை. பரிசல் போல வட்டமாக இல்லாமல் இரு முனையும் கூர்ந்த நீளமான படகு. முன்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும், பின்னால் இருப்பவர் திசை பார்ப்பார். விளிம்பைப் பிடித்துத் தொங்கக்கூடாது. பாறையில் படகு குறுக்கே அணைந்தால் பாறைப் பக்கமே சாய வேண்டும், விலகிச் சாய்ந்தால் ஏறி வருகிற தண்ணீர் படகுக்குள் புகுந்துவிடும். விழுந்தால் காலை ஊன்றி நிற்க முயலக்கூடாது. கல்லிடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கட்டினார்கள். அந்த வார்தான் இன்று இதை எழுத வைத்திருக்கிறது. மற்ற அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு மறந்துபோனது. பாறையைக் கண்டு விலகிச் சாய்ந்தேன். தண்ணீரில் காலை ஊன்றினேன். என்னோடு படகில் இருந்த தோழி மேல் ஒரு பிழையும் இல்லை. அன்று கரையில் நின்ற சிலர் அவளைக் கடிந்துகொண்டீர்கள். அக்கறையில் சொன்னதுதான், தெரியும். ஆனாலும் அவள் அதையே நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள். ஆகவே எல்லார் முன்னிலையிலும் எழுதுகிறேன்: அவள் சொன்னதை நான்தான் செய்யவில்லை.

பரிசல்காரர்கள் என்னைக் கரையேற்றிய இடம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் நாணல், மறு பக்கம் சீமைக்கருவேல முள். வண்டி வரக்கூடிய துறை அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். காலை ஊன்ற முடியாத என்னைத் தூக்கிக்கொண்டு அந்த முள்ளுக்குள் போக வழியில்லை. படகில்தான் போக வேண்டும். பரிசலிலாவது ஏறுங்கள் என்றார்கள். நான் மாட்டேன் என்று கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயப்படாதீங்க என்று பத்துப் பேர் சொன்னீர்கள். நல்ல மனத்தோடு சொன்னீர்கள். ஆனால் ஒவ்வொருவர் சொல்லும்போதும் என் பயம் ஒரு குற்றம்போல எனக்குக் கனத்தது.

அப்போதுதான் ஆத்தா வந்தார். தலையில் வேப்பந்தழைக் கட்டு, கையில் தொரட்டி. தழையை இறக்கி வைத்தார். சும்மாட்டுத் துணியை உதறி என் கணுக்காலைச் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே, “பயமாகத்தான் இருக்கும் அம்மிணி. அது எப்படி இல்லாமல் இருக்கும்?” என்றார். அவ்வளவுதான். பிறகு ஆற்றைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். “நீ படகில் வா. நான் இந்தக் கரையோடே நடந்து வருகிறேன். தண்ணீரைப் பார்க்காதே, என்னைப் பார்” என்றார்.

அவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. நீந்தத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. நான் மறுபடி தண்ணீரில் விழுந்திருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எனக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதும் கல்லைப் பிடித்திருந்த என் விரல்கள் தானாகவே விட்டன.

கவிழ்ந்த அதே படகில் ஏறினேன். பரிசல் பக்கத்திலேயே வந்தது. தோழி என்னைப் பலகையில் உட்கார வைக்காமல் படகின் அடியில் உட்கார வைத்தாள்; பாரம் தாழ்ந்திருந்தால் படகு ஆடாது என்றாள். கரையில் ஆத்தாவின் பச்சைச் சேலை நகரத் தொடங்கியது. ஆற்றின் வேகம் அவர் நடையைவிட அதிகம் என்பதால் தோழி துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டுப் போட்டுப் படகை நிறுத்திக்கொண்டே வந்தாள். ஒரு கிழவியின் நடைக்காக ஓர் ஆற்றையே இழுத்துப் பிடித்து வந்ததுபோல இருந்தது எனக்கு.

வழி நேராக இருக்கவில்லை. முள் மறித்த இடங்களில் அவர் மேட்டில் ஏறிச் சுற்றி வர வேண்டியிருந்தது. முதல்முறை அவர் நாணலுக்குப் பின்னால் மறைந்தபோது என் மூச்சு நின்றது. உடனே அந்தச் சத்தம் கேட்டது. ஆடு ஓட்டுகிறவர்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்த ‘ட்ரூ... ட்ரூ...’. அங்கே ஓர் ஆடும் இல்லை. அது எனக்காக. ஆளைப் பார்க்க முடியாதபோதெல்லாம் அந்தக் குரலை விடாமல் கொடுத்துக்கொண்டே வந்தார். வடக்கேயிருந்து பள்ளம் ஒன்று வந்து ஆற்றில் சேருகிறதே, அந்த இடத்தில்தான் நெடுநேரம் காணவில்லை. குரல் தூரமாகிக்கொண்டே போனது. நான் எண்ணத் தொடங்கினேன். நூற்றுப் பதினான்கு வரை எண்ணியபோது பள்ளத்தின் இந்தப் பக்கம் பச்சைச் சேலை தெரிந்தது, முழங்கால்வரை சேறு. கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி நடந்தார்.

துறையில் என்னை இறக்கினார்கள். அவரைக் கூப்பிட்டு ஏதாவது சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. ஆத்தா என் தலையில் கை வைத்து, “போய் வா கண்ணு, எனக்கு ஆடுகள் கிடக்கின்றன” என்று சொல்லித் திரும்பி நடந்தார். அதே முள்ளுக்குள், அதே பள்ளத்தைச் சுற்றி. எனக்காக நடந்த தூரத்தை மறுபடி தனியாக நடந்திருக்கிறார். அவர் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு வந்ததும், ஒரு குட்டி இருட்டும்வரை அகப்படாமல் கடைசியில் வாழைத்தோப்பில் கிடைத்ததும் நேற்றுத்தான் எனக்குத் தெரிய வந்தது. தெரிந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கிடைத்துவிட்டது என்று பத்து முறை சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அழுது நின்றபோது நான் பக்கத்தில் நின்று ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருக்கிறேன். கணவரை இழந்த என் நாத்தனாரிடம் சொன்னேன். தேர்வுக்கு முந்தின இரவு கை நடுங்கிய என் மகளிடம் சொன்னேன். அவர்களுக்கு அது ஒன்றுமில்லாததாக இருந்திருக்காது. இதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. நேற்று நாத்தனாருக்குப் போன் செய்தேன். நெடுநேரம் பேசினோம், பெரும்பாலும் அவர் பேசினார், நான் கேட்டேன்.

கட்டுப் பிரித்ததும் நீச்சல் பழகப் போகிறேன். மகளையும் சேர்த்துவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சுரைக்குடுக்கை வேண்டுமானால் பரணில் ஒன்று கிடக்கிறது என்றார்.

ஆத்தா, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றார்கள். யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். பணம் கொண்டு வந்தால் தொரட்டியை எடுப்பேன் என்று சொல்லி அனுப்பினீர்களாம், கொண்டு வரமாட்டேன். உங்கள் சும்மாட்டுத் துணி துவைத்து மடித்து என்னிடம் இருக்கிறது. மாசியில் தண்ணீர் தணிந்ததும் தோழிகளோடு படகிலேயே வருகிறேன். இந்த முறை முன்பக்கப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ஆடுகளோடு எந்த மேட்டில் இருந்தாலும், அந்தப் பள்ளம் சேருகிற இடம் வந்ததும் ஆற்றிலிருந்து நான் குரல் கொடுக்கிறேன். ‘ட்ரூ’ என்று எனக்குச் சரியாக வரவில்லை, வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன்.