பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் பழையபடி. டிசம்பர் கச்சேரிப் பட்டியல் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை சாயங்கால நேரமே கொடுத்திருக்கிறார்கள், சந்தோஷம் என்று சொல்லு. உன் பெயர் விட்டுப்போனது அச்சுப் பிழையாக இருக்கும் என்கிறாள் அம்மா. சரி, இருக்கட்டும்.

நேற்று ராத்திரி ரவிசங்கரும் அன்னபூர்ணா தேவியும் சேர்ந்து வாசித்த ஒரு பதிவு கேட்டேன். அவர் சிதார், அந்த அம்மாள் சுர்பஹார், சிதாரைவிடப் பெரிசு, கீழ் சுருதி. 1941-ல் கல்யாணம், அவளுக்குப் பதினாலு வயசு. யுத்தம் முடிந்து, அவர் டெல்லி ரேடியோவில் வேலை பார்த்த காலத்தில் மேடையில் ஜுகல்பந்தி, ரெண்டு பேரும் ஜோடியாக, வாசித்தார்கள். கைதட்டல் அவளுக்கே அதிகம் என்று ஊர் பேசியது. அப்புறம் அவள் மேடையையே விட்டாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்குப் படபடப்பு என்கிற மாதிரி அவர் ஒரு பேட்டியில் சொன்னார். 1982-ல் விவாகரத்து.

மாப்பிள்ளையும் போனில் அதே வார்த்தையைத்தான் சொன்னார், உனக்குப் படபடப்பாம். கொலுவில் கரண்ட் போய், கும்மிருட்டில் வீணையில், ஒன்பது ராகம் வரும் நவராகமாலிகை வர்ணத்தை ஒரு சுரம் பிசகாமல் முடித்த பெண்ணுக்கா? எட்டு வயசில்! உன் அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிக்கொடுத்தால் போதும் என்று மட்டும் ஆரம்பிக்காதே. அந்த அம்மாளும் சொல்லிக்கொடுத்தாள், சிதார் நிகில் பானர்ஜி, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா என்று எப்பேர்ப்பட்ட சிஷ்யர்கள்! ஆனால் அவள் வாசிப்பில் நமக்கு மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒலிப்பதிவுகள். மூத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் சங்கீதத்தால் வந்த கஷ்டத்தைப் பார்த்து, இவளுக்குக் கற்றுத்தர வேண்டாம் என்றுதான் இவள் அப்பா அலாவுதீன் கான் முதலில் இருந்தாராம். அண்ணனுடைய பாடத்தை இவள் திருத்துவதைக் கேட்டபிறகு மனுஷனுக்குத் தாங்கவில்லை. பெண்ணைப் பெற்றவன், அவர் பாடு எனக்குப் புரிகிறது.

மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. நல்ல கை, நல்ல ஞானம். உன்னிடம் கேட்காமல் உன் கச்சேரியை ஒத்துக்கொள்ளாமல் விடுகிற அளவுக்கு அவருக்குத் துணிச்சல் வந்தது எப்படி என்றுதான் யோசிக்கிறேன். மூணு மாசமாக உன் போன் நாலு வார்த்தையில் முடிகிறது.

தினமும் வாசி. அரை மணியாவது வாசி. வீணைக்கு மேளம் கட்டி, அதான் மெட்டுக்கட்டைகளை மெழுகில் சுரம் பார்த்துப் பதித்து, எத்தனை நாளாச்சு? அந்த ஊர் வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கும். மார்கழிக்கு வீணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, தனியாக வந்தாலும் சரி. டிக்கெட் நான் போடுகிறேன். நம் வீணை ஆசாரி மார்கழியில் ஓய்வில்லாமல் அலைவார், தேதி சொன்னால் இப்போதே சொல்லி வைப்பேன்.

அப்பா