தொழில் துறைப் படிவம் எங்களுக்குத் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறேன். வயது 47. கேரள அரசுப் பள்ளியில்தான் படித்தேன், ஆனால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. மத்தியானம் எண்ணெயைத் தெளிய வைத்துவிட்டு உட்கார்ந்தால் உங்கள் நாளிதழை முழுதும் வாசித்துவிடுவேன். 2021-இல் கேரளத் தொழில் துறை அமைச்சரான பி. ராஜீவ் பற்றி வரும் செய்தி எதையும் விடுவதில்லை. என் செக்கு ஓடுவதில் அவருடைய துறைக்கும் பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், குறையும் சொல்லப்போகிறேன்.

2022-ஆம் ஆண்டு எங்கள் ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. ‘வ்யவசாய வகுப்பு’ நடத்தும் முகாம், கடன், உரிமம், மானியம் எல்லாம் ஒரே இடத்தில் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா அன்று காலையே குளித்து வெள்ளை வேட்டி கட்டி, வாடல் கண்ட தென்னை ஓலை ஒன்றை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு முகாமுக்குக் கிளம்பிவிட்டார். விவசாயத் துறை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், தென்னைக்கு மருந்து கேட்கலாம் என்பது அவர் எண்ணம். மலையாளத்தில் வ்யவசாயம் என்றால் தொழில், வகுப்பு என்றால் துறை. விவசாயத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் கிருஷி. இது தெரியாத தமிழர் எங்கள் பக்கத்தில் ஒருவர் இருவர் அல்லர். அந்த மனிதர் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். வந்தவர்களும் நல்லவர்கள்தாம், தேநீர் கொடுத்தார்கள். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. திரும்பும்போது ஓலையை வழியிலேயே போட்டுவிட்டார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், பார்த்தேன்.

அதே முகாமில் எனக்கு நடந்தது வேறு. அந்த ஆண்டை அமைச்சர் தொழில்முனைவோர் ஆண்டு என்று அறிவித்து, ஒரே ஆண்டில் மாநிலமெங்கும் ஒரு லட்சம் புதிய தொழில்கள் என்று இலக்கு வைத்திருந்தார். அதற்காக உள்ளாட்சி அமைப்புகளில் 1,153 இளம் பட்டதாரிகளை, தொழில் தொடங்குவோருக்கு உதவும் பயிற்சிப் பணியாளர்களாக (இன்டர்ன்) அமர்த்தினார்கள். எங்கள் பக்கம் வந்த பெண் கோவையில் பொறியியல் படித்தவள், தமிழ் நன்றாகப் பேசினாள். “அக்கா, ஆதாரும் கரண்ட் பில்லும் கொண்டு வாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாள். கே-ஸ்விஃப்ட் என்ற கேரள அரசின் இணையதளத்தில் என் விவரங்களைப் பதிந்து, அரை மணி நேரத்தில் ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்தாள். 2019-இல் கேரளம் கொண்டுவந்த சிறுதொழில் சட்டத்தின்படி, மாசு அதிகம் என்று சிவப்பு வகையில் சேர்க்கப்படாத சிறுதொழிலை இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் நடத்தலாம், உரிமங்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். என் மாமனார் 1990-களில் ஒரு மாவு மில் போடுவதற்காகச் செருப்புத் தேய நடந்து, கடைசியில் வேண்டாம் என்று விட்டவர். அந்தச் சீட்டை அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த ஓராண்டில் 1,39,000-க்கு மேற்பட்ட தொழில்கள் தொடங்கப்பட்டன, ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு வேலை கிடைத்தது என்பது அரசின் கணக்கு. ஏற்கெனவே இருந்த கடைகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். அந்த வழக்கு எனக்குத் தீர்க்கத் தெரியாது. என் செக்கு புதிதாக வந்தது, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். தொழில் நடத்த எளிதான மாநிலங்களின் பட்டியலில் 2019-ஆம் ஆண்டுக்கு 28-ஆவது இடத்தில் கிடந்த கேரளம், 2024 செப்டம்பரில் வெளியான பட்டியலில் முன்வரிசைக்கு வந்ததில் எனக்கும் பெருமைதான். கொடி பிடிக்கும் ஊர், தொழில் செய்ய முடியாத ஊர் என்று பொள்ளாச்சிச் சந்தையில் எத்தனை பேர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்!

அந்தப் பெண்ணின் ஒப்பந்தக் காலம் முடிந்து அவள் போய்விட்டாள். தமிழும் அவளோடு போய்விட்டது.

2024-இல் இரண்டாவது செக்கு போட முடிவு செய்தேன். வாகை மர உரல், மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார், எண்ணெய் தெளிய வைக்கும் எவர்சில்வர் தொட்டிகள் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய் ஆகும் என்றார்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு அப்போது மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது. செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். கேரளத்தில் தொழில் துறை வழியாகத்தான் அது நடந்தது. எனக்கு 2,10,000 ரூபாய் கிடைக்க வேண்டும். விண்ணப்பம் போட்டேன். கோவைப் பக்கத்தில் செக்கு செய்யும் ஆசாரிக்கு முன்பணம் கொடுப்பதற்காக இரண்டு வளையல்களை அடகு வைத்தேன்.

ஆவணி மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை, தனிப்பட்ட ஒருவரின் குற்றம் இல்லை அது. முழுக்க மலையாளம். நான் மலையாளம் சரளமாகப் பேசுவேன். திருச்சூர் வியாபாரியிடம் பேரம் பேசி எண்ணெய் விற்றிருக்கிறேன். வாசிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான். அரசாங்க மலையாளம் பேச்சு மலையாளமும் அல்ல. நான்கு வரிகள் தட்டுத் தடுமாறி வாசித்தேன். ஐந்தாவது வரியில் ‘காலாவதி’ என்ற சொல்லும் அதை அடுத்து ஒரு தேதியும் இருந்தன. தமிழ் வாசித்தவளுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? என் விண்ணப்பம் காலாவதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். அன்று இரவு சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து என் மகளின் பள்ளி ஆசிரியை எண்ணெய் வாங்க வந்தபோது அந்தக் கடிதத்தைக் காட்டினேன். மின் இணைப்புச் சான்றையும் இயந்திர விலைப்பட்டியலையும் கொடுப்பதற்கு எனக்கு அந்தத் தேதி வரை அவகாசம் இருக்கிறது என்றுதான் அதில் எழுதியிருந்தது. மலையாளத்தில் காலாவதி என்றால் அவகாசம், கெடு. அந்தத் தேதி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவர்கள் கேட்ட இரண்டு காகிதங்களும் அந்தச் சாமி படத்துக்குக் கீழேயுள்ள இரும்புப் பெட்டியில்தான் இருந்தன.

கோப்பு மூடப்பட்டது. மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பித்து, கடன் கைக்கு வர எட்டு மாதம் கூடுதலாக ஆனது. அதுவரை அடகு வட்டி ஓடியது. அதற்குள் கொப்பரை விலையும் ஏறிவிட்டது. 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியதை எல்லோரும் அறிவார்கள். கொப்பரை மலிவாக இருந்தபோது கொள்முதல் செய்து வைக்க இரண்டாவது செக்கு எனக்கு இல்லை. ஒரு சொல்லால் எனக்கு வந்த நட்டம் இது.

என்னைப் போல எத்தனை பேர் என்று நான் கணக்கெடுக்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் எனக்குத் தெரியும். சத்தியவாங்மூலம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். உறுதிமொழிப் பத்திரம் என்று சொன்னால் எங்களுக்குப் புரியும். புரியாமலே போடும் கையெழுத்துக்கும் சட்டத்தில் அதே பொறுப்புதான்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. 1969-இல் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடம் வைத்தார்கள். அரசுத் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மையினர் வாழும் பகுதியிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் எங்கள் மொழியில் எழுதலாம், எங்கள் மொழியிலேயே பதில் பெறலாம். ராஜீவ் 2021-இல் சட்டத் துறைக்கும் சேர்த்துத்தான் அமைச்சரானவர். இதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இணையதளத்தில் ஆங்கிலம் இருக்கிறதே என்பார்கள். ஆங்கிலம் தெரிந்திருந்தால் செக்குக் கொட்டகையில் ஏன் இந்தப் பாடு?

“பேசாமல் செக்கைத் தூக்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்கு வந்துவிடு, இங்கே எல்லாம் தமிழில்தான்” என்று என் நாத்தனார் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறார். ஏன் போக வேண்டும்? சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலத்திலேயே என் பாட்டனார் இந்தக் கரிசல் மண்ணில் கடலை விதைத்தவர். என் ரேஷன் கார்டும் வாக்கும் வரியும் இங்கே. எண்ணெயில் பாதிக்கு மேல் வாங்குகிறவர்கள் மலையாளிகள். அவர்களுக்குத் தேங்காய் எண்ணெயும் எங்கள் ஆட்களுக்குக் கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயும் ஒரே கொட்டகையிலிருந்துதான் போகின்றன. அவர்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை எங்கள் பிள்ளைகளைப் பற்றியது. நாடு முழுவதும் 12 தொழில் நகரங்களுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் கொடுத்தது. அவற்றில் பாலக்காடும் ஒன்று. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய், 51,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் கொச்சியில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் முதலீட்டு உறுதிமொழிகள் வந்ததாகவும் படித்தேன். பாலக்காட்டின் தொழிற்பேட்டை உள்ள கஞ்சிக்கோடு எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் இங்கே தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் காலையில் கோவை பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். ‘தொழிலவசரங்கள்’ என்ற தலைப்பில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைக் கடந்துதான் போகிறார்கள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அது வேலை வாய்ப்புக்கான அறிவிப்பு என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ராஜீவ் அமைச்சர் பதவிக்கு வந்த 2021-இல் மாவட்டம் மாவட்டமாகப் போய்த் தொழில் நடத்துவோரை நேரில் சந்தித்துக் குறை கேட்டார். அப்படி ஒரு நாள் தொழில் துறை அமைச்சர் கொழிஞ்சாம்பாறையில் தமிழில் குறை கேட்க வேண்டும். அவருக்குத் தமிழ் வராவிட்டால் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லட்டும். சித்தூர் தாலுக்காவோடு நிற்க வேண்டாம். இடுக்கி மாவட்டம் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இட்லி மாவுக் கடை போடக்கூட இதே படிவங்களோடுதான் அல்லாடுகிறார்கள்.

என்னுடைய கோரிக்கை சின்னது, செலவும் குறைவு. விண்ணப்பப் படிவம், உறுதிமொழிப் பத்திரம், கெடு சொல்லும் கடிதம் ஆகிய மூன்றில் மட்டுமாவது மலையாளத்துக்குக் கீழே தமிழையும் அச்சடியுங்கள். எல்லையோரப் பஞ்சாயத்துகளுக்குப் பயிற்சிப் பணியாளர்களை அமர்த்தும்போது தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாகப் பாருங்கள். தமிழ் வழியில் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் எங்கள் ஊர்களிலேயே வேலைக்குக் காத்திருக்கிறார்கள். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்த முகாமுக்கு ஆட்டோ வரும்போது எங்கள் தெருமுனையில் ஒரு நிமிடம் நின்று தமிழிலும் ஒரு தடவை சொல்லட்டும். ஓலையோடு போன பெரியப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, அவர் வரமாட்டார். அவருடைய பேரன் ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். அவனை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
மரச்செக்கு நடத்தும் ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் தாலுக்கா, பாலக்காடு மாவட்டம்.