2024–25 ஆண்டறிக்கை: மரபணு மாற்றுப் பயிர் அனுமதியில் மக்கள் பங்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். வழக்கமான வேலைகள் தீர்மானப் புத்தகத்தில் உள்ளன. இந்த அறிக்கையை ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். மரபணு மாற்றுப் பயிருக்கு அனுமதி தரும் நடைமுறையில் நாம் எந்த அலுவலகத்தில், எந்தத் தாளோடு, எத்தனை நாளுக்குள் பேச முடியும் என்பதே அது.

இந்த ஆண்டின் பெரிய செய்தி கடுகு வழக்கு. மரபணு மாற்றுக் கடுகு டி.எம்.ஹெச்.-11க்கு 2022 அக்டோபரில் தரப்பட்ட அனுமதி செல்லுமா என்பதில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் 2024 ஜூலை 23 அன்று மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்: மாநிலங்கள், விவசாயிகள் உள்ளிட்டோரைக் கலந்து மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும். கலந்துபேசுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பி.டி. கத்தரிக்கு (பூச்சியைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு சேர்த்த கத்தரி) 2009 அக்டோபரில், இத்தகைய பயிர்களைப் பரிசீலிக்கும் மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் தந்த பிறகு, அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் நடத்திக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அந்தக் கத்தரியை நிறுத்திவைத்தார். ஆனால் அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சியில் பங்கேற்றிருந்தும், நம்மவர் பேச விரும்பினால் பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் கடைசியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் மரபணு மாற்று உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டு விதிகளுக்கு ஒரு திருத்த வரைவு வெளியிட்டது. மதிப்பீட்டுக் குழுவின் நிபுணர்கள் தங்கள் சொந்த நலன் சார்ந்த தொடர்புகளை வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் தரப்பட்டது. அந்த வெளிப்படுத்தல்களும் கூட்டக் குறிப்போடு சேர்த்துப் பொதுவில் வர வேண்டும் என்று சங்கம் எழுதி அனுப்பியது. இத்தகைய கடிதத்தின் அமைப்பை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். மேலே அறிவிக்கை எண்ணும் தேதியும், அடுத்து எந்த விதி, எந்த உட்பிரிவு, அதிலுள்ள வாசகம், அதற்குப் பதில் நாம் கேட்கும் வாசகம், காரணம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "மரபணுப் பயிர் வேண்டவே வேண்டாம்" என்று ஊரே கையெழுத்திட்டு அனுப்பும் மனுவில் உணர்வு இருக்கிறது. ஆனால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அதில் இல்லை. ஒரே வாசகத்தில் பத்துக் கடிதம் போனாலும் அது ஒரு கருத்துதான். கேழ்வரகு போடும் பென்னாகரத்தார் ஒரு காரணமும், பருத்தி போடும் அரூர்க்காரர் வேறு காரணமும் எழுதினால்தான் எடை கூடும்.

வரைவுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. மொழிபெயர்த்து, ஊருக்கு விளக்கி, கருத்துக் கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கெடு ஓடிவிடுகிறது. தமிழில் தராத ஆவணத்துக்குத் தமிழ் விவசாயியிடம் கருத்துக் கேட்பது முறையான கலந்தாய்வே அல்ல என்பது நம் உறுதியான நிலைப்பாடு. மரபணு மாற்று உயிரிகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான கார்டஹேனா நெறிமுறையில் இந்தியா 2003 முதல் ஓர் உறுப்பு நாடு. அதன் 23ஆம் பிரிவு மக்களுக்கு விவரம் தெரிவிப்பதையும் முடிவெடுக்கும்போது அவர்களைக் கலப்பதையும் அரசின் கடமை என்கிறது.

டெல்லியைவிட நமக்கு அருகில் ஒரு வாசல் இருக்கிறது. அதே 1989 விதிகளின்படி மாவட்ட அளவிலான குழு ஒன்று உண்டு. தலைவர் மாவட்ட ஆட்சியர். மாவட்ட மருத்துவ அதிகாரி, வேளாண் அதிகாரி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி, தொழிற்சாலை ஆய்வாளர் ஆகியோர் உறுப்பினர்கள். விதியில் உள்ள பட்டியலில் விவசாயி என்றோ நுகர்வோர் என்றோ ஓர் இடம் இல்லை. ஆனால் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, இந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, மாவட்டத்தில் களச் சோதனைக்கு ஏதாவது விண்ணப்பம் வந்ததா என்று கேட்கலாம். களச் சோதனைக்கு மாநில அரசின் தடையில்லாச் சான்று தேவை என்ற நடைமுறை 2011 முதல் இருப்பதால், இந்தக் கேள்வியைச் சென்னைக்கும் அனுப்பலாம்.

தகவல் உரிமை மனுவில் அடிக்கடி நேரும் தவறு கட்டணம். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு செல்லும். மத்திய அமைச்சகத்துக்குச் செல்லாது, தபால் ஆர்டரோ ஆன்லைன் கட்டணமோ வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "வணிக ரகசியம்" என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால் விட்டுவிடக் கூடாது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ரகசியப் பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தர 10ஆம் பிரிவு வழிசெய்கிறது. மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள்.

பருத்திக்கு வருகிறேன். இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றுப் பயிர் இது ஒன்றே. முதல் அனுமதி 2002 மார்ச். 450 கிராம் பி.டி. விதையோடு வந்த 120 கிராம் சாதா விதைப் பாக்கெட்டை ஓரத்தில் விதைக்காமல் தூக்கிப் போட்டதன் பலனை நாடே அனுபவிக்கிறது. பி.டி. செடியைத் தின்றும் பிழைத்த அந்துப்பூச்சிக்கு, சாதாச் செடியில் வளர்ந்த பூச்சி ஜோடியாகக் கிடைத்தால்தான் எதிர்ப்புத் திறன் அடுத்த தலைமுறையில் நீர்த்துப்போகும். அந்த ஓரவரிசை இல்லாததும், பருத்திச் செடியை மாதக்கணக்கில் வயலிலேயே விட்டுவைப்பதும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பழக்கிவிட்டன. விதைப்பவருக்குக் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் பாக்கெட்டில் அச்சடித்தால் இதுதான் நடக்கும்.

களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இதுவரை அனுமதி இல்லை. பில் இல்லாமல் விற்க வந்தால், பிரிக்காத பாக்கெட்டோடு விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிரித்த பாக்கெட் சான்றாக நிற்காது. இலையில் பி.டி. புரதம் இருக்கிறதா என்று காகிதப் பட்டையால் பார்க்கும் பட்டைச் சோதனைப் பயிற்சியில் எழுந்த சந்தேகங்களுக்கும் இங்கேயே விடை: இளம் இலையை நசுக்கிக் கரைசலில் கலக்கி, பட்டையை அம்புக்குறி வரை மட்டும் நனைத்து, பெட்டியில் எழுதிய நேரம் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு கோடு வந்தால் புரதம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் சோதனை செல்லாது. முற்றிய இலையில் புரதம் குறைவதால் பொய்யாக "இல்லை" என்று காட்டலாம். பி.டி. பட்டை களைக்கொல்லி தாங்கும் பண்பைக் காட்டாது. அதற்குப் பட்டை வேறு. இந்தச் சோதனை நமக்கு எச்சரிக்கைக்கு மட்டுமே, அதிகாரபூர்வ முடிவு ஆய்வகத்தில்தான்.

மரபணுத் திருத்தம் (பயிரின் சொந்த மரபணுவிலேயே மாற்றம்) செய்த பயிர்களில் அயல் மரபணு இல்லாத இரண்டு வகைகளை 2022 மார்ச்சில் மதிப்பீட்டு விதிகளிலிருந்து மத்திய அரசு விலக்கியது. விலக்கு வந்தால் ஆட்சேபக் கெடுவும் போகிறது. இது கவலைக்குரியது, தனிக் கூட்டத்தில் விரிவாகப் பேச வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: வரும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில், அனுமதி ஆவணங்களைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கவும் மாவட்டக் குழுவைக் கூட்டவும் கோரித் தீர்மானம் கொண்டுவருவது; தீர்மானப் பதிவேட்டின் நகலை ஒவ்வொரு ஊர் உறுப்பினரும் ஒரு வாரத்துக்குள் பெற்றுச் சங்கத்தில் ஒப்படைப்பது; அமைச்சக அறிவிக்கைகளை வாரந்தோறும் பார்த்துச் சொல்ல ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒருவரை நியமிப்பது.

செயலாளர்