பதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

உழவையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட இளையவர்கள் நாங்கள். கூட நின்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

"இன்னும் பதம் வரல, ரெண்டு நாள் பொறு" என்று டிராக்டரை நிறுத்தி வைத்த பெரியவர்களுக்கு முதல் நன்றி. பதம் என்றால் உழுவதற்கு ஏற்ற ஈரம். மேல்மண் வெளுத்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். ஏமாந்து போவது அங்கேதான். கலப்பை இறங்கும் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், கட்டைவிரலால் தட்டியதும் உதிர வேண்டும். விரலில் ஒட்டி நாடாவாக நீண்டால் இறங்கக் கூடாது. அந்த ஈரத்தில் உழுதால் கலப்பைக்கு அடியில் மண் மெழுகினாற்போல் இறுகிவிடும். வேர் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பும், பெய்த மழை மேலேயே நிற்கும். (நெல்லுக்கு நீர் கட்டிச் சேறாக்கும் சேற்றுழவு வேறு கணக்கு, இது நீர் கட்டாமல் உழும் புழுதி உழவுக்கு.) தினமும் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்ப்பதைத்தான் இப்போது நாங்கள் பொறுமை என்கிறோம்.

விதை காத்துக் கொடுத்த அம்மாக்களே, அறுவடைக்குப் பிறகு குவியலிலிருந்து அள்ளுவது விதை ஆகாது, பயிர் நிற்கும்போதே நோயில்லாத செடிக்குக் கயிறு கட்டி வை என்றீர்கள். காய்ந்த கண்ணாடிக் குப்பியில் தானியத்தோடு உலர்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கி, உப்பு குப்பியின் சுவரில் ஒட்டினால் தானியத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று காட்டினீர்கள். ஈரத்தோடு கட்டிய மூட்டை உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், முளைப்புச் செத்துப்போகும். விதைக்குமுன் 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து முளைத்ததை எண்ணாமல் இனி எவரும் வயலில் இறங்க மாட்டோம்.

மண் பரிசோதனைக்கு வரப்போரத்திலும் எருக்குவியல் அருகிலும் எடுத்த மண்ணைத் திருப்பி அனுப்பியவருக்கும் நன்றி. வயலெங்கும் 10, 15 இடத்தில் 15 செ.மீ. ஆழம் எடுத்துக் கலந்தால்தான் அது அந்த வயலின் மண்.

கணக்கு எழுதச் சொன்னவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வீட்டார் உழைப்பையும் கூலியாக எழுது என்றார்கள். அந்த வரியை எழுதினால் சில பயிர்களின் லாபம் காணாமல் போகிறது. அம்மாவின், மனைவியின் வேலைக்கு நோட்டில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

நிலத்தில் பத்தில் ஒரு பங்கை எங்கள் முடிவுக்கு விட்ட வீட்டாரே, புது முறைக்கு அந்தத் துண்டு போதும். பக்கத்திலேயே பழைய முறையில் ஒரு பாத்தி, அதே விதை, அதே நாள் விதைப்பு. இரண்டு பருவமாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் முழு வயலுக்கும் கொண்டுபோக மாட்டோம். அதற்காகக் கடன் வாங்கவும் மாட்டோம்.

எல்லோரையும்விட, விளையாத வயலுக்குக் கூட்டிப்போய் "இங்கே தழைச்சத்தை (நைட்ரஜன்) கூட்டிப் போட்டேன், தண்டு மெலிஞ்சு காத்துக்குச் சாஞ்சிடுச்சு" என்று சொன்னவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். நன்றாக விளைந்ததை மட்டும் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. எங்களிடம் கேட்டு வருகிறவர்களையும் சாய்ந்த பயிர் நிற்கும் பக்கமாகவே முதலில் கூட்டிப்போவோம்.

அன்புடன்,
இளம் உழவர்கள்